டார்ச் அண்ணாச்சி கூப்பிட்ட ஆவி

உலகத்தில் வெளிவந்த எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்க்காத ஒரே மனிதர் எங்கள் டார்ச் அண்ணாச்சிதான். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். நான் வாபஸ் வாங்குவதாக இல்லை.

தாராவிப் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து ஸீட் காட்டுவது அவர் உத்தியோகம். படம் ஆரம்பித்த பிறகு அரைமணி நேரம் லேட்டாக வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருப்பார். முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வெளிக்கதவுகளைத் திறக்கப் போய்விடுவார். ஆகவே அவருக்குத் தெரிந்த கதாநாயகர்கள் யாரும் பிறந்ததும் இல்லை, கல்யாணம் செய்துகொண்டதும் இல்லை. இடைவேளைக்கு இரண்டு பக்கமும் அழுதுகொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருப்பார்கள், அவ்வளவுதான்.

“ஒரு நாள் லீவு போட்டு டிக்கெட் எடுத்து முழுசாப் பாக்கலாமே, அண்ணாச்சி?” என்று நான் கேட்டேன்.

“பந்தியில வெளம்புதவன் எலை போட்டு உக்காருவானா தம்பி?” என்றார், காதோடு காதாக.

எல்லாவற்றையும் காதோடுதான் சொல்வார். இருட்டில் ரகசியமாகப் பேசிப் பேசித் தொண்டை அப்படியே நின்றுவிட்டது. மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரனிடம் குனிந்து, “ஏக் கிலோ பைங்கன்” என்று முணுமுணுப்பார். அவன் பயந்துபோய் நாலு பக்கமும் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தராசை எடுப்பான். பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை உட்காரவைக்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. “தோடா சரக்கோ பாய், தோடா சரக்கோ” என்று நகரச் சொல்லிச் சொல்லி, இரண்டு பேர் ஸீட்டில் மூன்று பேரை நுழைத்துவிட்டு, தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் அறைக்கு நட்டநடுப் பகலில் யார் வந்தாலும் டார்ச் வெளிச்சம் அவர்கள் காலடியில் விழும். “இப்படி வாங்க. படி இருக்கு, பாத்து.”

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு மாடி அறை அது. குடியிருந்தவர்கள் நான்கு பேர். நான் பத்தொன்பது வயது டைப்பிஸ்ட், கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை. கோபி என்கிற கும்பகோணத்துப் பையன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன். கடையநல்லூர் ஜமால் தாராவியில் தன் மாமாவின் தோல் பை பட்டறையில் இருந்தான். மூலைப் பாயில் டார்ச் அண்ணாச்சி. அவருக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. கொட்டகையில் ‘டார்ச்வாலா’, தெருவில் ‘டார்ச்சு’. தபால்காரர் எங்கள் மூவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அண்ணாச்சியைப் பார்த்துச் சிரிப்பார். கூப்பிட அவருக்கும் பெயர் தெரியாது; அவருக்கென்று ஒரு கார்டு வந்திருந்தால்தானே தெரியும்!

அந்த வருஷம்தான் அந்தப் பேய்ப் படம் வந்தது.

மலைமேல் ஒரு பங்களா. லீவுக்குப் போன ஐந்து காலேஜ் பிள்ளைகள். மேஜைமேல் இங்கிலீஷ் எழுத்துகளை வட்டமாக அடுக்கி, நடுவில் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, ஆளுக்கொரு விரலை வைத்துக்கொண்டு, ஏரியில் மூழ்கிச் செத்துப்போன தோழியைக் கூப்பிடுகிறார்கள். டம்ளர் நகர்கிறது. அதன் பிறகு பங்களாத் தரையில் ஈரக் கால்தடம் ஒன்று தோன்றுகிறது. பக்கத்தில் இன்னொன்று. ஆள் இல்லை, தடம் மட்டும் நடந்து வருகிறது.

அந்தக் கட்டத்தில் கொட்டகை முழுக்க, தரை டிக்கெட் முதல் பால்கனி வரை, காலைத் தூக்கி ஸீட்மேல் வைத்துக்கொண்டது. இடைவேளையில் விளக்குப் போட்டால் எண்ணூறு செருப்பு கீழே அனாதையாகக் கிடக்கும். குனிந்து தேட ஒருவருக்கும் தைரியம் இருக்காது. அண்ணாச்சிதான் வரிசை வரிசையாக டார்ச் அடித்து, யார் செருப்பு எது என்று பஞ்சாயத்துப் பண்ணினார். இடது கால் ஒருவருடையதும் வலது கால் வேறொருவருடையதுமாக வீட்டுக்குப் போனவர்கள் அநேகம்.

ஒரு நாள் பால்கனியில் ஒரு சேட் டம்ளர் நகரும் கட்டத்தில் ஓவென்று அலறி மயங்கிவிட்டார். சோடா தெளித்து எழுப்பி மேனேஜர் விசாரித்தார். ஈரக் கால்தடத்துக்கெல்லாம் தான் பயப்படவில்லையாம். பக்கத்தில் யாரோ காதில் “தோடா சரக்கோ” என்றார்களாம். திரும்பினால் இருட்டில் உடம்பே இல்லாமல், கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற ஒரு முகம் மட்டும் நின்றதாம். இனிமேல் டார்ச்சை மோவாய்க்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று அண்ணாச்சிக்கு உத்தரவாயிற்று.

நாங்கள் மூவரும் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தோம். கடைசியில் டம்ளரைத் தள்ளியவன் அந்த ஐந்து பேரில் ஒருவன்தான், சும்மா விளையாட்டுக்காகத் தள்ளினான் என்று தெரியும். ஈரத்தடம் யாருடையது என்பது மட்டும் தெரியாமலே படம் முடியும். வழக்கம்போல அண்ணாச்சி முடிவைக் கேட்டார். வழக்கம்போல நாங்கள் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். அவர் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்தத் தோழி உண்மையாகவே வந்து, எல்லாரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள் என்று ஜமால் சொன்ன முடிவு அது.

பிறகு என்ன, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாங்களும் ஆரம்பித்துவிட்டோம்.

பேய்க்கு ராத்திரிதான் உகந்தது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ராத்திரி வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில் எங்களுக்குப் பயம். எனவே காலை பதினொரு மணி, எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு. ஜன்னலுக்கு என் வேட்டியைத் திரையாகக் கட்டினோம். கண்ணாடி டம்ளர் கிடையாது, எவர்சில்வர்தான். தமிழ் எழுத்தையே எழுதிவிடலாம் என்று நான் சொன்னதற்கு, “இருநூத்து நாப்பத்தேழும் எழுதினா மெழுகுவத்தி வெக்கறதுக்கு எங்கடா இடம்? ‘வந்தேன்’னு சொல்றதுக்குள்ள ஆவிக்குக் கை வலிச்சுடும்” என்றான் கோபி. ஆகவே இங்கிலீஷ் எழுத்து, தமிழ்ப் பேச்சு. ஒரு பக்கம் யெஸ், ஒரு பக்கம் நோ. இதெல்லாம் மார்க்கத்துக்கு ஆகாது என்று ஜமால் விரல் வைக்க மறுத்துவிட்டான். வாசல்படியில் உட்கார்ந்து எழுத்துகளை நோட்டில் குறித்துக்கொண்டான். ஸ்பெல்லிங் தப்பினால் ஆவியைத் திருத்துவதும் அவன்தான்.

முதலில் செத்துப்போன தன் பௌதிக வாத்தியாரைக் கோபி கூப்பிட்டான். பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று கேட்டான். டம்ளர் மெள்ள நகர்ந்து பி, ஏ, டி, ஐ என்று காட்டியது. “படி” என்று வாசித்தான் ஜமால். “சந்தேகமே இல்லடா, அவரேதான்” என்று கோபி டம்ளரைக் கும்பிட்டான். அடுத்தது ரயில்வேயில் இருந்து காலமான என் சித்தப்பா. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு எல், ஏ, டி, ஈ என்று வந்தது. “லேட்.” செத்துப்போனவர் என்று சொல்கிறாரா, வருவதற்குத் தாமதமாகும் என்று சொல்கிறாரா என்று மத்தியானம் வரை வாதம் செய்தோம். கிட்டத்தில் லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் அறை குலுங்கி, டம்ளர் தானாகவே ஜி, எச் என்று உளறிவிட்டு வரும்.

நான் தள்ளவில்லை. கோபியும் தான் தள்ளவில்லை என்று சத்தியம் செய்தான். உண்மையைச் சொன்னால், யார் தள்ளினால் என்ன என்று இருந்தது. பம்பாய்க்கு வந்து எட்டு மாதமாகியிருந்தது. ஆறு நாள் ஆபீஸில் யாருக்கோ யாரோ எழுதும் கடிதங்களை டைப் அடித்துக்கொண்டிருப்பேன். ஏழாம் நாள் என்ன செய்வதென்று தெரியாது. சுற்றிலும் அவ்வளவு ஜனம். எங்கள் படியேறி எங்களைப் பார்க்க ஒருவரும் வந்தது கிடையாது. செத்தவர்களாவது வரட்டுமே.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை டார்ச் அண்ணாச்சி தம் மூலையிலிருந்து எழுந்து வந்து எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாட்டினி டியூட்டிக்குக் காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

“நானும் ஒரு ஆளக் கூப்பிடணும்” என்றார்.

“யாரை, அண்ணாச்சி?”

“எங்க அம்மைய. ஆவுடையம்மா. ஊரும் சொல்லணுமா?” கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொன்னார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து ஒரு மனிதரின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் வந்தது அன்றைக்குத்தான்.

மூன்று பேர் விரல் வைத்தோம். கோபி கூப்பிட்டான். “ஆவுடையம்மா, வந்திருக்கேளா? வந்திருந்தா யெஸ்ஸுக்குப் போங்கோ.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு லோக்கல் போயிற்று. அதற்குக்கூட டம்ளர் அசையவில்லை. நான் கோபியைப் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பாவம் மனுஷர், அம்மாவைக் கூப்பிடுகிறார், வராமல் போய்விட்டால் எப்படி என்று அவனுக்கு. அவன் விரல் இறுகுவது என் விரலுக்குத் தெரிந்தது. டம்ளர் நகர்ந்தது. நான் தடுக்கவில்லை. எனக்கும் அவர் அம்மா வந்தால் தேவலை என்றுதான் இருந்தது.

“யெஸ்” என்றான் ஜமால்.

“ஆமான்னா போட்டிருக்கு?”

“ஆமா, அண்ணாச்சி. வந்துட்டாங்க!” என்றான் கோபி சந்தோஷமாக.

அண்ணாச்சி விரலை எடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டினிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மொட்டைத் தலையோடு படியேறி வந்தார். மீசையும் இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“என்ன அண்ணாச்சி இது?”

“வந்துட்டாவல்லா” என்றார். “வந்தாவன்னா, போயிட்டாவன்னுதான அர்த்தம்? செத்தவங்கதான வருவாங்க?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அம்மா உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று அவருக்கே தெரியாது. வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஆபீஸுக்கு லேட்டானால் ஆகட்டும் என்று உட்கார்ந்தேன். அவர் பாயில் சாய்ந்துகொண்டு அந்த ரகசியக் குரலிலேயே சொன்னார். அப்போது அவருக்குப் பதினாலு வயது. பன்னிரண்டு ஆடுகளை மேய்க்கக் கொண்டுபோனவர், பக்கத்து ஊரில் டூரிங் டாக்கீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆடுகளை ஓடைக்கரையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். படம் பாதியில் ஆட்டு நினைப்பு வந்து எழுந்து ஓடிவந்தால் ஓடைக்கரையில் ஒரு ஆடுகூட இல்லை. அய்யா என்று அவர் சொல்லும் அப்பா கையில் வேப்பங்கம்பு எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு ரயில் ஏறியவர்தான். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“ஒரு கார்டு போட்டிருக்கலாமே, அண்ணாச்சி?”

“வருசா வருசம் நெனப்பேன் தம்பி. இத்தன நாளு எழுதாதவன் இப்ப என்னத்துக்கு எழுதுதான்னு கேப்பாவளேன்னு விட்டுருவேன். அடுத்த வருசம் அதுக்கு இன்னும் ஒரு வருசம் கூடிரும்லா.”

அன்று சாயங்காலம் கோபியை இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினேன். அவன் அழுதுகொண்டே, “அண்ணாச்சி, டம்ளரை நான்தான் தள்ளினேன். சத்தியமா நான்தான். நீங்க சந்தோஷப்படுவேள்னு நெனச்சேன்” என்றான்.

அண்ணாச்சி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். “என்னத் தேத்துததுக்காகச் சொல்லுத. நல்ல புள்ள.”

“ஐயோ, நெஜமா! அந்தப் படத்துலயும் அப்படித்தான். கடைசில ஒருத்தன் தள்ளினதாத்தான் முடியும்!”

“நீ அன்னைக்கு வேற முடிவுல்லா சொன்ன?”

படத்துக்கு ஆளுக்கொரு முடிவு சொன்ன பாவத்தை அன்றைக்கு அனுபவித்தோம். நாங்கள் சொல்வது எதையும் அவர் நம்பத் தயாராக இல்லை. மொட்டைத் தலையில் ஒரு காந்தி குல்லாயைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், வந்தார். கறி மீன் தொடவில்லை. பஸ்ஸில் யாரையும் நகரச் சொல்லவில்லை. டார்ச்வாலாவுக்கு என்ன ஆயிற்று என்று கத்திரிக்காய்க்காரன் கவலையோடு என்னிடம் கேட்டான், “டார்ச்வாலா கோ க்யா ஹுவா?”

ஊரும் அம்மா பெயரும்தான் தெரியுமே, அவருக்குத் தெரியாமல் ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று ஜமால் சொன்னான். உட்கார்ந்தோம். ‘உங்கள் மகன்’ என்று ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. எந்த மகன்? பெயர் என்ன? அவரிடம் கேட்டால் சந்தேகப்படுவார். ஜமால் கொட்டகைக்குப் போய் விசாரித்தான். மேனேஜர் ரிஜிஸ்தரைப் புரட்டிக் காட்டினாராம், அதிலும் டார்ச்வாலா. கடைசியில் இப்படி எழுதினேன்: ‘இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பன்னிரண்டு ஆடுகளை ஓடைக்கரையில் விட்டுவிட்டு டூரிங் டாக்கீஸுக்குப் போனவரும், அதன்பின் வீடு திரும்பாதவருமான தங்கள் மகன் இவ்விடம் க்ஷேமம். தாங்கள் க்ஷேமமாக இருந்தால் உடனே தெரியப்படுத்தவும்.’ இவ்வளவு அடையாளம் பொருந்துகிற மகன் ஓர் ஊரில் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை.

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. கோபி காலேஜுக்குப் போகாமல் தபால்காரருக்காகப் படியில் காத்துக்கிடந்தான். அண்ணாச்சி தலையில் முடி பலாப்பழத் தோல் மாதிரி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அந்த அம்மாள் உண்மையிலேயே போயிருந்தால் என்ன செய்வது என்று நாங்கள் மூவரும் மனத்துக்குள் நினைத்தோம். வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை.

நாலாவது வாரம் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலை. அண்ணாச்சி சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு லெட்டர்” என்றேன்.

“எனக்கா?” என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

வாசிக்கச் சொன்னார். யாரோ பள்ளிக்கூட வாத்தியார், குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்; எங்கள் கடிதத்தைப் போலவே அதிலும் ‘மகன்’ என்றுதான் இருந்தது, பெயர் இல்லை. ஆவுடையம்மாள் சௌகரியமாக இருக்கிறாள். கண் பார்வை கொஞ்சம் மட்டு. மகள் வீட்டில் இருக்கிறாள். கடிதத்தை வாசித்துக் காட்டியதிலிருந்து சாப்பிடவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை; தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்கிறாள். அப்பா எட்டு வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். கடைசிவரை மகனைத் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம், அந்தப் பன்னிரண்டு ஆடுகளும் அன்றைக்குச் சாயங்காலமே தாமாக வீட்டுக்கு வந்துவிட்டன.

ஜமாலுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவன்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு முள் முள்ளாக இருந்த தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப அன்னைக்கு வந்தது எங்க அய்யா” என்றார்.

“அண்ணாச்சி, அன்னிக்குத் தள்ளினது நான்!” என்று கோபி கிட்டத்தட்டக் கத்தினான்.

“தள்ளுனது நீதாம்லே. ஒன்னத் தள்ளச் சொன்னது யாருங்கேன்?”

கோபி தன் விரலையே பார்த்தான். அந்த டம்ளரில் பிறகு அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“மொட்ட போட்டது நல்லதாப் போச்சு” என்றார் அண்ணாச்சி. “அவருக்கு நாஞ் செய்யவேண்டியதுதான அது.” அப்புறம்தான் பாயில் உட்கார்ந்து அழுதார். அழுகையிலும் சத்தம் இல்லை.

மூன்றாம் நாள் தாதரில் ரயிலேற்றப் போனோம். மதிய வண்டி, மூன்றாம் வகுப்பு, கால் வைக்க இடமில்லை. ஏறின ஐந்து நிமிஷத்தில் அண்ணாச்சி ஒரு கர்ப்பிணிக்கும், ஒரு கிழவருக்கும், இரண்டு மராத்திப் பெண்களுக்கும் இடம் பண்ணிக்கொடுத்துவிட்டார். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு இடம் பாருங்க, அண்ணாச்சி!” என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

“ஊரு வரைக்கும் நின்னாலும் சரிதான் தம்பி” என்றார். “நீங்க மூணு பேரும் வெயில்ல நிக்காதிய, போங்க. பதினஞ்சு நாள்ல வந்துருதேன்.” வண்டி நகர்ந்தது. அவ்வளவு இரைச்சலிலும் அவர் சத்தம் போடாமல்தான் சொன்னார், எங்களுக்குக் கேட்டது.

ஒரு மாதம் கழித்துக் கார்டு வந்தது. அதே வாத்தியாரின் குண்டு எழுத்து. அம்மா இவரைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்புவதில்லையாம். கிணற்றடிக்குப் போனாலும் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறாளாம். இனிமேல் பம்பாய்க்கு வரத் தோதுப்படாது, தம் பாயையும் தலையணையையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதச் சொல்லியிருந்தார். கீழே கையெழுத்து இருந்தது; அவரே போட்டது. அப்போதுதான் அவர் பெயரைத் தெரிந்துகொண்டோம். மூவரும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். யாரோ ஒருவருடைய பெயர் மாதிரி இருந்தது.

அந்த மாதமே வீட்டுக்காரர் ஒரு புது ஆளைக் கூட்டிவந்து, “மூலை காலியாத்தானே கெடக்கு?” என்றார். “இல்லீங்க, ஆள் இருக்கு, ஊருக்குப் போயிருக்காரு” என்று கோபி சொன்னான். நானும் ஜமாலும் தலையாட்டினோம். பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடம் அந்த மூலை ஒன்றுதான். நாங்கள் மூவரும் நனைந்த சுவரோரமாக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு படுத்தோம். அந்தப் பாயில் யாரும் படுக்கவில்லை.